கிளியரைக் கனமாக அடித்துத் தேய்ப்பதா, மெல்லிதாக அடித்து நிறுத்துவதா?

வெண்புரவி:

1/24 அளவில் ஒரு சாலைக் காரின் பிளாஸ்டிக் மாதிரியைச் செய்துவருகிறேன்; அதன் பாடியைப் பிரைமர் (அடிப்பூச்சு) வரை கொண்டுவந்திருக்கிறேன். இனி மெட்டாலிக் நீலமும் அதன்மேல் பளபளப்புக் கிளியரும் (நிறமற்ற மேல்பூச்சு) அடிக்க வேண்டும். கிளியரைப் பற்றி நான் படித்தும் கேட்டும் அறிந்தவை இரண்டு எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. நான்கைந்து கோட் (பூச்சு அடுக்கு) தாராளமாக அடித்து, நன்கு காயவிட்டு, 2000-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கிப் படிப்படியாகத் தேய்த்துப் பாலிஷ் போட்டால்தான் விளக்கின் பிம்பம் நெளியாமல் விழும் என்கிறார்கள் ஒரு சாரார். தேய்க்க வேண்டிய நிலை வருவதே அடித்த விதத்தில் குறை இருப்பதைக் காட்டுகிறது என்கிறார்கள் இன்னொரு சாரார்.

என்னிடம் இருப்பது 0.3 மி.மீ. நாசில் (தெளிப்பு முனை) கொண்ட டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷும், டேங்க், ரெகுலேட்டர், ஈரவடிகட்டி ஆகியவை பொருத்திய கம்ப்ரஸரும். பெயிண்ட், கிளியர் இரண்டுமே லாக்கர் வகை (கரைப்பான் ஆவியாகிக் காய்வது). இரண்டு வழிகளையும் கையாண்டவர்கள், எது சரி என்பதோடு ஏன் சரி என்பதையும் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

மெல்லியபூச்சு:

நான் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவன். காரணத்தைக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் இந்த விவாதங்களில் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

தொழிற்சாலையிலிருந்து வரும் உண்மையான காரில் பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்த பூச்சின் கனம் பொதுவாக 0.1 முதல் 0.15 மி.மீ. வரை இருக்கும். அதை 24-ஆல் வகுத்தால் 0.005 மி.மீ. அளவுதான் வருகிறது. அவ்வளவு மெல்லிய பூச்சை எந்த ஏர்பிரஷாலும் நிறம் மூடும்படி அடித்துவிட முடியாது. ஆகவே நாம் எவ்வளவு கவனமாக அடித்தாலும் நம் பூச்சு அளவுக்கு மீறிய கனம் கொண்டதாகவே இருக்கும்; எவ்வளவு மீறுகிறோம் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. 0.1 மி.மீ. கனத்தில் பூச்சு ஏறினால், உண்மைக் காரின் மீது 2.4 மி.மீ. கனத்துக்குப் பெயிண்டை அப்பியதற்கு அது சமம்.

இதன் விளைவு முதலில் தெரிவது கதவு இடுக்குகளில்தான். உண்மைக் காரில் கதவுக்கும் பாடிக்கும் இடையே உள்ள இடைவெளி சுமார் 3 முதல் 5 மி.மீ. இருக்கும். 1/24 அளவில் அது 0.12 முதல் 0.2 மி.மீ. ஆகிறது. பூச்சு இடுக்கின் இரு சுவர்களிலும் ஏறும் என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கமும் 0.05 மி.மீ. ஏறினாலே 0.1 மி.மீ. போய்விடுகிறது. நான்கைந்து கோட் கிளியரைத் தாராளமாக அடித்த பாடியில் கதவின் கோடு ஒரு பள்ளமாக மழுங்கிப்போய், மூடித் திறக்கக்கூடிய கதவு என்ற எண்ணமே வராமல் ஒரே வார்ப்பாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அப்புறம் என்னதான் பாலிஷ் போட்டாலும் அந்தக் கார் பொம்மையாகவே நிற்கும்.

ஆதலால் என் முறை இது: பிரைமருக்கு முன்பே கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றின் கோடுகளைக் கீறல் கருவியால் ஆழப்படுத்திவிடுவேன். அகலப்படுத்தக் கூடாது, ஆழப்படுத்த மட்டுமே வேண்டும். கருவியின் எடையிலேயே அது பள்ளத்தில் ஓட வேண்டும். அழுத்தினால் கோட்டைவிட்டு வெளியே வழுக்கிக் கதவின் மீது கீறிவிடும். பிறகு பிரைமரை மெல்லிதாக, நிறத்தை மெல்லிதாக, கிளியரை மூன்று கோட்டுக்கு மிகாமல் அடிப்பேன். பூச்சு தானே சமனாகப் படிந்துவிட்டால் தேய்ப்பதற்கு எதுவும் இருக்காது.

ஆழிச்சக்கரம்:

மெல்லியபூச்சு போட்ட கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கிளியர் தானே சமனாகப் படிய வேண்டும் என்று சொல்வது எளிது. அதற்கு என்னென்ன தேவை என்பதைச் சொல்லாவிட்டால் வெண்புரவிக்குப் பயன் இருக்காது.

ஆரஞ்சுத் தோல் என்று நாம் சொல்லும் மேடுபள்ளம் எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். நாசிலிலிருந்து கிளம்பும் துளியில் பிசினும் கரைப்பானும் இருக்கின்றன. பறந்து வரும் வழியிலேயே கரைப்பானில் ஒரு பகுதி ஆவியாகிவிடுகிறது. துளி பாடியில் விழும்போது அக்கம்பக்கத்துத் துளிகளோடு கலந்து பரவும் அளவுக்கு ஈரம் மிஞ்சியிருந்தால் பரப்பு சமனாகும். ஈரம் குறைந்துவிட்டால் ஒவ்வொரு துளியும் தன் மேட்டோடு அப்படியே நின்றுவிடும். ஆக, அதிகத் தொலைவிலிருந்து அடித்தாலும், கலவை கெட்டியாக இருந்தாலும், காற்றழுத்தம் தேவைக்கு மேல் இருந்தாலும், அறை சூடாக இருந்தாலும் கடைசியில் நடப்பது ஒன்றுதான்.

லாக்கர் கிளியருக்கு நான் பின்பற்றுவது: கிளியர் ஒரு பங்குக்குத் தின்னர் (நீர்க்கவைக்கும் கரைப்பான்) ஒன்றரை முதல் இரண்டு பங்கு, அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ, பாடிக்கும் நாசிலுக்கும் இடையே விரற்கடைக் கணக்கில் நான்கைந்து. தின்னர் மெதுவாக ஆவியாகும் வகையாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் உயிர்நாடி. ஜிஎஸ்ஐ கிரியோஸ் நிறுவனத்தின் மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் உலர்வைத் தாமதப்படுத்தும் பொருள் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருப்பதால், ஏர்பிரஷ்காரர்கள் பலரும் அதை விரும்புகிறார்கள். அதே கிளியரைச் சாதாரண லாக்கர் தின்னரில் கலந்து ஒரு முறையும், இதில் கலந்து ஒரு முறையும் இரண்டு பிளாஸ்டிக் கரண்டிகளில் அடித்துப் பாருங்கள். வேறுபாட்டை விளக்கத் தேவையே இருக்காது.

கோட் வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் கோட் வெறும் தூவல்தான். பளபளப்பு வரக் கூடாது, அடுத்த கோட் பிடித்துக்கொள்ள ஒரு சொரசொரப்பு வந்தால் போதும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து இரண்டாம் கோட்டைச் சற்று ஈரமாகவும், பின்னர் மூன்றாவதை நன்றாக ஈரமாகவும் அடிக்க வேண்டும். ஈரக் கோட் அடிக்கும்போது கண் நாசிலைப் பார்க்கக் கூடாது. பாடியின் மீது தெரியும் விளக்கின் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். தெளிப்பு நகர்ந்துசெல்லும் இடத்தின் பின்னால் அந்தப் பிம்பம் ஒரு நொடி கலங்கி, உடனே கூர்மையாகத் தெளியும். அந்தத் தெளிவு வரும் வேகத்தில்தான் கை நகர வேண்டும். தெளியாவிட்டால் வேகம் அதிகம். தெளிந்த பிறகும் அதே இடத்தில் நின்றால் கிளியர் வழிந்து கதவின் அடி விளிம்பில் திரளும்.

ஏர்பிரஷின் விசையைப் பற்றியும் ஒரு சொல். முதலில் காற்றை மட்டும் திறந்து, பாடிக்கு வெளியே தெளிப்பைத் தொடங்கி, பாடியைக் கடந்து மறுபுறம் வெளியே சென்ற பிறகே பெயிண்டை நிறுத்த வேண்டும். பாடியின் மீதே தொடங்கி நிறுத்தினால் அந்தந்த இடத்தில் ஒரு திட்டு நிற்கும்.

வெண்புரவி:

மிக்க நன்றி. பாடியின் எந்தப் பகுதியிலிருந்து தொடங்குவது என்பதில் ஏதேனும் ஒழுங்கு உண்டா?

ஆழிச்சக்கரம்:

உண்டு. சக்கர வளைவுகளின் உள் விளிம்பு, ஜன்னல் தூண்கள், பம்பரின் அடிப்பகுதி, கதவுக்குக் கீழே உள்ள பட்டை ஆகிய எட்டாத இடங்களை முதலில் அடியுங்கள். பிறகு பக்கங்கள். கூரை, பானெட், டிக்கி ஆகிய அகன்ற பரப்புகள் கடைசி. கண் முதலில் போய் விழும் பரப்புகள் அவை. அவற்றைக் கடைசியில் ஈரமாக அடித்துவிட்டால், வேறு இடத்தில் அடிக்கும் தெளிப்பின் உலர்ந்த தூசு அவற்றின் மேல் படிவதற்கு வாய்ப்பில்லை.

இருபத்துநான்கில்ஒன்று:

கிளியரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வெண்புரவி அடிக்கப்போவது மெட்டாலிக் நீலம் என்பதால் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மெட்டாலிக் பெயிண்டில் மின்னுவது அலுமினியத் துகள். உண்மைக் காருக்கான பெயிண்டில் இந்தத் துகள்கள் பத்து, இருபது மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருப்பது வழக்கம். 20 மைக்ரான் துகளை 24 மடங்கு பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் வருகிறது. அதாவது, காருக்கு அடிக்கும் அதே பெயிண்டைக் கொண்டுவந்து மாதிரிக்கு அடித்தால், நிறம் துல்லியமாகப் பொருந்தினாலும் மினுக்கம் பொருந்தாது. ஜிகினா தூவியது போலத் தெரியும். எனவே மாதிரிக் கார்களுக்கென்றே அரைத்த நுண்ணிய துகள் கொண்ட பெயிண்டைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜீரோ பெயிண்ட்ஸ் போன்றவர்கள் கார் நிறுவனங்களின் நிறக் குறியீடுகளுக்குப் பொருத்தமாக, ஏர்பிரஷில் நேரடியாக ஊற்றும் அளவுக்கு முன்பே நீர்த்து விற்கிறார்கள். ஆனால் அவற்றின் கரைப்பான் காரமானது. பிரைமர் முழுமையாக மூடாத பிளாஸ்டிக்கில் பட்டால் பாலிஸ்டைரீனை அரித்து நுண்வெடிப்புகளை உண்டாக்கும்.

மெட்டாலிக்கை ஈரமாக அடிக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஈரத்தில் துகள்கள் மிதந்து, ஓரிடத்தில் திரண்டு, மேகம் மேகமாகத் திட்டுகள் தோன்றும். மெட்டாலிக்கைத் தூவல் தூவலாக, ஒரே தொலைவில், ஒரே வேகத்தில் அடித்து, பளபளப்பைக் கிளியரிடம் விட்டுவிட வேண்டும். மெட்டாலிக் நிறத்தை நேரடியாக உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது. துகளின் முகம் அறுபட்டு அந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரியும். தூசு விழுந்திருந்தால் அதை எடுத்துவிட்டு அந்தப் பகுதி முழுவதற்கும் மறுபடி நிறம் அடிப்பதுதான் வழி.

பிரைமரின் நிறமும் ஒன்றுக்கு மேற்பட்ட விதத்தில் வேலை செய்கிறது. அடர் நீலத்துக்கும் வெள்ளிக்கும் சாம்பல் அல்லது கறுப்பு பொருந்தும். சிவப்பு, மஞ்சள் இரண்டும் ஒளி ஊடுருவும் நிறங்களாதலால் சாம்பலின் மேல் அடித்தால் மங்கிவிடும். வெள்ளையோ இளஞ்சிவப்போ அடியில் இருந்தால் துலங்கும். இன்னொன்று: கிட்டின் (மாதிரிப் பாகங்கள் அடங்கிய பெட்டி) பாடியே சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டிருந்து, அதன்மேல் வெள்ளை அடிக்க நேர்ந்தால், பிளாஸ்டிக்கில் உள்ள சாயம் லாக்கரின் கரைப்பானில் கரைந்து மேலேறி, சில நாட்களில் வெள்ளையை இளஞ்சிவப்பாக்கிவிடும். வெள்ளைப் பிரைமரை எத்தனை கோட் ஏற்றினாலும் இது நிற்பதில்லை. இடையில் ஒரு வெள்ளிக் கோட் அடித்துத் தடுப்பது பலரும் கையாளும் வழி.

ஆழிச்சக்கரம்:

கிளியரின் கனத்தைப் பற்றி இன்னொரு கோணத்தையும் முன்வைக்க விரும்புகிறேன். லாக்கர் கிளியரில் பெரும்பங்கு கரைப்பான்தான். அது ஆவியான பிறகு மிஞ்சும் பிசின் குறைவு. அதனால்தான் பல கோட்டுகள் தேவைப்படுகின்றன. அடித்துப் பல வாரங்கள் ஆன பிறகும் அது சுருங்கிக்கொண்டே இருக்கிறது. அவசரப்பட்டுப் பாலிஷ் போட்ட பரப்பு பின்னர் மங்குவதும், அடியிலிருந்த உப்புத்தாள் கீறல் மேலே தோன்றுவதும் இதனால்தான்.

கடினமாக்கி சேர்த்துக் கலக்கும் 2கே யூரித்தேன் கிளியர் அப்படியல்ல. அது ஆவியாதலால் மட்டும் அல்லாமல் வேதிவினையாலும் இறுகுகிறது. பிசின் பங்கு அதிகம் என்பதால் ஒரு தூவலும் ஒரு ஈரக் கோட்டும் போதும், தானாகவே சமனாகிவிடும், பெட்ரோல் பட்டாலும் கரையாத அளவுக்கு உறுதியாகிவிடும். தேய்க்காமலே பளபளப்பு வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது என் கருத்து. கலந்த சில மணி நேரத்துக்குள் ஏர்பிரஷைக் கழுவிவிட வேண்டும் என்பது ஒன்றே இதில் உள்ள தொல்லை.

கருநீலம்:

அது ஒன்றே தொல்லை என்ற வரியை நான் ஏற்கவில்லை. இந்த இழையைப் படிக்கும் புதியவர்களுக்காக இதை விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

2கே கிளியரின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது; கார்களுக்கான கிளியரில் பெரும்பாலும் ஹெக்ஸாமெதிலீன் டைஐசோசயனேட் வகை. இதைத் தெளிக்கும்போது உண்டாகும் நுண்துளிகளைச் சுவாசித்தால் சிலருக்கு உடல் அதற்கு எதிராகக் கூருணர்வு பெற்றுவிடும். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் ஆஸ்துமா போன்ற மூச்சுத்திணறல் வரும். அந்த நிலை பெரும்பாலும் மாறுவதில்லை. கார் பெயிண்டர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமா வருவதற்கு உலகெங்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இது அறியப்பட்டிருக்கிறது. தோல் வழியாகப் படுவதும் கூருணர்வை உண்டாக்கக்கூடும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஐசோசயனேட்டை மூக்கால் எச்சரிக்கையாக உணர முடியாது என்பது. லாக்கர் தின்னருக்கு வாடை உண்டு. முகமூடியின் கரிவடிகட்டி தீர்ந்துபோனால் வாடை உள்ளே வந்து நமக்குச் சொல்லிவிடும். ஐசோசயனேட் விஷயத்தில் வடிகட்டி தீர்ந்தது தெரியவே தெரியாது. தொழில்முறைப் பெயிண்டர்கள் வெளியிலிருந்து குழாய்வழி தூய காற்று வரும் முகமூடியை அணிவது இதனால்தான். வீட்டு அறையில், துணி முகமூடியோடும் திறந்த ஜன்னலோடும் 2கே கிளியர் அடிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதே அறையில் குழந்தைகள் நடமாடுவார்கள் என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

லாக்கர் பாதுகாப்பானது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கரிம ஆவிக்கான வடிகட்டியும் நுண்துகள் வடிகட்டியும் சேர்ந்த, முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் முகமூடி வேண்டும். காற்றை வீட்டுக்கு வெளியே தள்ளும் தெளிப்புப் பெட்டி வேண்டும். வடிகட்டிவிட்டு அதே அறைக்குள் காற்றைத் திருப்பிவிடும் பெட்டி துகளைப் பிடிக்குமே தவிர ஆவியைப் பிடிக்காது. அந்தப் பெட்டியின் மின்விசிறி தீப்பொறி எழுப்பாத வகையாக இருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. நீரில் கரையும் அக்ரிலிக் அடித்தாலும் துகள் முகமூடியைக் கழற்றக் கூடாது. பிசினும் நிறமியும் கலந்த துளி எதுவானாலும் நுரையீரலுக்குள் போக வேண்டியதில்லை.

ஆழிச்சக்கரம்:

கருநீலம் சொல்வது முற்றிலும் சரி. நான் 2கே அடிப்பது காற்றுக்குழாய் முகமூடி உள்ள ஒரு பட்டறையில்தான் என்பதை முதலிலேயே எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வசதி இல்லாதவர்கள் லாக்கர் கிளியரிலேயே இருங்கள்.

மெல்லியபூச்சு:

வெண்புரவி கேட்ட கேள்விக்குத் திரும்பி, தேய்ப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாலிஷ் வேண்டாம் என்பதல்ல என் வாதம். தூசு விழாத கோட் என்று ஒன்று இல்லை. அதைச் சரிசெய்யத் தேய்த்துத்தான் ஆக வேண்டும். பாலிஷ் போடப் போகிறோம் என்பதற்காகவே கிளியரை ஏற்றக் கூடாது என்பதுதான் என் வாதம்.

ஈரப் பெயிண்ட் எப்போதும் கூரான விளிம்பிலிருந்து விலகி நிற்கும். பரப்பு இழுவிசை அதை விளிம்பிலிருந்து உள்ளே இழுத்துவிடுகிறது. பானெட்டின் நடுவில் எவ்வளவு கிளியர் ஏறியிருந்தாலும், பானெட்டின் விளிம்பிலும் மட்கார்டின் முகட்டுக் கோட்டிலும் அது மிக மெல்லிதாகவே இருக்கும். உப்புத்தாள் அழுத்துவதோ முதலில் அந்த முகட்டைத்தான். மெல்லிய இடத்தில் அதிக அழுத்தம் விழுகிறது. ஒரு நொடியில் கிளியர் போய், நிறம் போய், பிரைமர் தெரிகிறது. ஆகவே தேய்ப்பதற்கு முன் எல்லா முகடுகளிலும் ஒரு மி.மீ. அகலத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிடுங்கள். தட்டையான பகுதிகளை முடித்த பிறகு டேப்பை எடுத்து, முகடுகளுக்கு உப்புத்தாளைக் காட்டாமல் நுண்ணிய பாலிஷ் மட்டும் போடுங்கள்.

தண்ணீரில் ஒரு துளி பாத்திர சோப்பு விட்டு, 2000, 3000 என்று ஏறி, பரப்பு முழுவதும் ஒரே மாதிரி மங்கலானதும் நிறுத்தலாம். பள்ளத்தில் பளபளப்புப் புள்ளிகள் மிஞ்சியிருந்தால் அங்கே இன்னும் சமனாகவில்லை என்று பொருள். பிறகு பாலிஷ். டாமியா நிறுவனத்தின் பாலிஷில் சிவப்பு மூடி கரடு, நீல மூடி நுண்மை, வெள்ளை மூடி இறுதி. கிளியர் மெல்லிதாக இருக்கும் பாடிக்குச் சிவப்பு மூடி பெரும்பாலும் தேவைப்படாது. பெட்ரோலியத்திலிருந்து வரும் கரைப்பான்கள் உள்ள வேறு பாலிஷ்களை முதலில் ஸ்ப்ரூவில் (பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டம்) சோதித்துப் பார்த்துவிட்டே பாடிக்குக் கொண்டுவர வேண்டும்.

எப்போது தேய்க்கலாம் என்பதற்கு நாட்கணக்கை நம்ப வேண்டாம். பாடியை மூக்கருகே கொண்டுவந்து முகர்ந்து பாருங்கள். தின்னர் வாடை இருக்கும்வரை உள்ளே கரைப்பான் இருக்கிறது. சூடுகாட்டி உலர்த்தும் பெட்டி இருந்தால் விரைவுபடுத்தலாம், ஆனால் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. பாலிஸ்டைரீன் இளகுவதற்கு அதைவிட மிகுந்த சூடு தேவை என்றாலும், ஜன்னல் தூண் போன்ற மெல்லிய பகுதிகள் அதற்கு வெகு முன்பே வளையத் தொடங்கிவிடும்.

இருபத்துநான்கில்ஒன்று:

எவ்வளவு பளபளப்பு வேண்டும் என்பதையும் காரே சொல்லும் என்று சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். நிறம் தனி, அதன்மேல் கிளியர் தனி என்ற முறை தொழிற்சாலைகளில் பரவலானது 1980-களில்தான். 1960-களின் பந்தயக் காருக்கு நிறமே கடைசிப் பூச்சு. எடையைக் குறைக்க அதையும் மெல்லிதாகவே அடித்தார்கள். பந்தயத்துக்குப் பந்தயம் அவசரமாக மறுபூச்சும் நடந்தது. அத்தகைய காரின் மாதிரிக்கு ஆழமான கிளியர் ஏற்றினால் அது அருங்காட்சியகத்துக்காகப் புதுப்பித்த வண்டியாகத் தெரியுமே தவிர, பந்தயத்தில் ஓடிய வண்டியாகத் தெரியாது. சற்றுத் தணிந்த பளபளப்பே அங்கே உண்மைக்கு நெருக்கம். வெண்புரவியின் கார் அண்மைக் காலத்துச் சாலைக் கார் என்பதால் அவருக்கு முழுப் பளபளப்பு பொருந்தும்.

வெண்புரவி:

கோடுகளை ஆழப்படுத்தும் வேலையைப் பிரைமருக்கு மேலேயே செய்யலாமா? மேலும் பாடியின் இரு பக்கமும் டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) பட்டைகள் ஒட்ட வேண்டியிருக்கிறது. கிளியரை டெக்காலுக்கு முன் அடிப்பதா, பின் அடிப்பதா? மழை நாட்களில் லாக்கர் வெளுத்துவிடும் என்றும் கேள்விப்பட்டேன்.

கருநீலம்:

வெளுப்பதற்குக் காரணம், கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிவதுதான். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடிக்காமல் இருப்பது நல்லது. லேசாக வெளுத்துவிட்டால், காற்று உலர்ந்த நாளில் லெவலிங் தின்னரை மட்டும் மெல்லிதாகத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

மெல்லியபூச்சு:

பிரைமருக்கு மேல் கோட்டை ஆழப்படுத்தலாம், தடையில்லை. ஓரத்தில் பிரைமர் பெயர்ந்து பிசிறு நிற்கும். அதை 1000-ஆம் நம்பர் தாளால் ஒரு முறை நீவிவிட்டு, அந்தக் கோடுகளின் மேல் மட்டும் மிஸ்டர் சர்ஃபேசர் 1500 போன்ற நுண்ணிய பிரைமரைத் தூவுங்கள்.

மெட்டாலிக்கின் மேல் டெக்காலை நேரடியாக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும். ஆகவே மெட்டாலிக் காய்ந்ததும் ஒரு மெல்லிய கிளியர், அது காய்ந்ததும் டெக்கால், டெக்காலின் ஈரம் முழுவதும் போனதும் மேல் கிளியர். மேல் கிளியரின் முதல் இரண்டு கோட்டும் வெறும் தூவலாக இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் இடையே முழுமையாகக் காயவிடுங்கள். லாக்கரை டெக்காலின் மேல் எடுத்த எடுப்பிலேயே ஈரமாக அடித்தால், அது டெக்காலின் மையைக் கரைத்துச் சுருக்கிவிடும். அதே கிட்டில் நீங்கள் பயன்படுத்தாத டெக்கால் ஏதேனும் மிஞ்சியிருக்கும். அதை ஒரு கரண்டியில் ஒட்டி, இதே வரிசையில் அடித்துச் சோதித்துவிட்டுப் பாடிக்கு வாருங்கள்.